வில்பட்டிக்கு எந்த டயர்?

புல் நுனியில் நிற்கும் துளியும் பனி. மார்கழி விடியலில் எதிரே வரும் வண்டியை மறைக்கும் மூட்டமும் பனி. கொடைக்கானல் கீழ்பூமிப் பக்கம் வெள்ளை வெளேரென்று படிந்து கிடக்கும் உறைபனியும் பனி. கனடாவில் முழங்கால் அளவுக்குக் கொட்டிக் கிடப்பதும் பனிதான். பேச்சுக்கு இந்த ஒரே சொல் போதும், டயர் வாங்கும்போது போதாது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் கடைசியில் கொடைக்கானல் புல்வெளிகள் வெள்ளை போர்த்திக் கிடக்கும் படங்கள் நாளிதழ்களில் வந்ததும், காரில் மலையேறத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. வெளிநாட்டில் விற்கிறார்களே, அந்தக் குளிர்கால டயர் நமக்கும் வேண்டுமோ? கார் கம்பெனி மாட்டிக் கொடுத்த, எல்லாப் பருவத்துக்குமான டயரே போதுமோ? கேள்வி நியாயமானது. கொடைக்கானலை அடுத்த வில்பட்டி வரை போய்த் திரும்ப குளிர்கால டயர் தேவையே இல்லை என்பதுதான் என் பதில். ஆனால் அந்த டயரைச் செய்தவர்கள் ரப்பரைப் பற்றித் தெரிந்துவைத்திருக்கும் ஒரு விஷயம் நமக்குக் கட்டாயம் தேவை. நம் மலைப்பாதைகளில் ஏறும் வண்டிகள் கோட்டை விடுவது அந்த இடத்தில்தான்.

குளிர்கால டயரில் முதலில் கண்ணில் படுவது அதன் ஆழமான பட்டன். பட்டன் கட்டி ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியதுபோல் நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள் ஓடும். பட்டன் இடுக்குகளில் பனி அப்பி இறுகிக்கொள்ள, இறுகிய பனி தரையில் கிடக்கும் பனியைப் பற்றிக்கொள்கிறது. ரப்பர் பனி மீது வழுக்கும். பனியோடு பனி ஒட்டும். சிறுவர்கள் பனியை உருண்டை பிடிக்க முடிவதும் இதனால்தான். ஆனால் பாதி வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத ரப்பர் கலவை. தார்ச்சாலையின் மேற்பரப்பில் இருக்கும் சின்னச் சின்ன மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் இறங்கி உட்கார்ந்தால்தான் பிடிப்பு கிடைக்கும். அதற்கு ரப்பர் இளக்கமாக இருக்க வேண்டும். வெயில் நாட்டுக்குச் செய்த டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைக்கத் தொடங்கி, மேடுகளின் தலையை மட்டும் தொட்டுக்கொண்டு போகும். குளிர்கால டயரில் இயற்கை ரப்பரையும் சிலிகாவையும் கூட்டி, உறைநிலைக்குக் கீழேயும் இளகியே இருக்கும்படி கலவையை அமைக்கிறார்கள். எல்லாப் பருவ டயர் இரண்டுக்கும் நடுவிலான ஒரு சமரசம். அதன் பக்கவாட்டில் 'எம் பிளஸ் எஸ்', அதாவது சேறும் பனியும் என்று எழுதியிருப்பது பட்டனின் அமைப்பைக் குறிக்கிறதே தவிர, பனியில் ஓட்டிச் சோதித்ததற்குச் சான்று ஆகாது. மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனிப்பூ வரைந்த முத்திரை இருந்தால்தான் பனிப்பிடிப்புச் சோதனையில் தேறிய டயர் என்று பொருள். கனடாவின் கியூபெக் மாகாணம் 2008 முதல் குளிர்காலத்தில் குளிர்கால டயரைச் சட்டப்படி கட்டாயமாக்கியிருக்கிறது. பக்கத்து ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் 2016 முதல் அதை மாட்டியவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று விதி வைத்தார்கள். டொரன்டோ பக்கம் வாழும் தமிழர்களுக்கு அது வருடத்துக்கு இரண்டு முறை டயர் மாற்றும் குடும்பச் செலவு, அங்கே நியாயமான செலவு.

இங்கே அது ஏன் வேண்டாம்? கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் வெப்பம் பொதுவாக 8 டிகிரியை ஒட்டி இறங்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் புல் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு மளமளவென்று குளிர்ந்துபோகும். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து தாழ்வான இடத்தில் தேங்கும். ஏரிக்கரை போன்ற பள்ளங்களில் உறைபனி படிவது இப்படித்தான். தார்ச்சாலையின் கதை வேறு. பகல் வெயிலை உள்ளே வாங்கி வைத்திருப்பதால், பக்கத்துப் புல் வெளுத்துக் கிடக்கும் காலையிலும் சாலை பெரும்பாலும் வெறும் ஈரமாகத்தான் இருக்கும். நிழலில் கிடக்கும் சிறு பாலங்கள் மட்டும் அடியிலிருந்தும் குளிர்வதால் அவற்றின் மீது விடியலில் கண்ணாடிபோல் ஓர் ஏடு படியலாம். அதற்கு மருந்து டயர்க் கடையில் இல்லை, வெயில் ஏறிய பிறகு கிளம்புவதில் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் வண்டி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயர்கிறது. மேலுக்கும் கீழுக்கும் 11, 12 டிகிரி வேறுபாடு. மேலே 15 டிகிரி என்றால் கீழே 27. அதே வண்டி மறுநாள் மதுரை வெயிலில் நிற்கும். அங்கே குளிர்கால டயர் குழைந்து, சீக்கிரம் தேய்ந்து, பிரேக் பிடிக்கக் கூடுதல் தூரம் கேட்கும். ஒரு வாரப் பனிக்காக ஆண்டு முழுவதும் ஆபத்தை மாட்டிக்கொண்டு ஓடுவதில் அர்த்தம் இல்லை.

ஆகவே பனியை விட்டுவிட்டு, இந்தச் சாலையில் உண்மையில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். வில்பட்டி கொடைக்கானலுக்கு வடக்கே, மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய நிலங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு எல்லாம் விளைகிற மண். அந்த மண் மழையில் வயலோடு நிற்பதில்லை. படிகளில் கரைந்து, வளைவுகளில் சாலைக்குக் குறுக்கே வழிந்து, காய்ந்தும் காயாமலும் ஒரு மெல்லிய பூச்சாகப் படிகிறது. காட்டிலிருந்து மூட்டை ஏற்றி வெளியே வரும் பிக்கப் வண்டி தன் சக்கரத்தோடு அரை அங்குலச் சேற்றை இழுத்துக்கொண்டு தார்ச்சாலையில் ஏறும். அது விட்டுப்போகும் சேற்றுத் தடத்தின் மேல்தான் பின்னால் வரும் கார் பிரேக் அடிக்கிறது. பைன் மரத்து ஊசியிலைகளும் யூகலிப்டஸ் இலைகளும் நனைந்து சாலையோரம் பாய் விரித்ததுபோல் கிடக்கும். வண்டிகள் திணறி ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிலும் டீசலும் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்திருக்கும். பல நாள் வறட்சிக்குப் பிறகு விழும் முதல் மழையின் முதல் அரை மணி நேரம், அந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து சோப்பு நுரைபோல் ஆகிவிடும். நன்றாகக் கொட்டி முடித்த சாலையைவிட அப்போதுதான் தொடங்கிய தூறலில் வழுக்கல் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் மூட்டமும் சேர்ந்தே வருவதால், வழுக்கும் இடம் எது என்று முன்கூட்டிப் பார்க்கவும் முடியாது.

இதை ஒரு கணக்காகப் போட்டால் தெளிவாகும். பள்ளிக்கூட இயற்பியல்தான். சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் மிதித்த இடத்திலிருந்து சுமார் 9 மீட்டரில் நிற்கும். நனைந்த சாலையில் பிடிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதால் 16 மீட்டர் ஆகும். இப்போது அதே ஈரச் சாலையை, நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் இறங்கும் சரிவாக மாற்றுவோம். கீழே இழுக்கும் புவியீர்ப்பும் சேர்ந்துகொள்வதால் 20 மீட்டர். அந்தச் சரிவில் சேறு பூசியிருந்தால் 35 மீட்டரைத் தாண்டும். உறைந்த ஏடு என்றால் கணக்கு 300 மீட்டருக்கு மேலே போய்விடும், அதாவது வண்டி நிற்காது. இவை எல்லாம் கால் பிரேக்கில் பட்ட பிறகு ஓடும் தூரம். ஓட்டுநர் சுதாரிக்கும் ஒரு நொடியில் ஓடும் 11 மீட்டரைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். வளைவிலும் இதே கதை. 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசியில் உலர்ந்த சாலை சுமார் 36 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். ஈரத்தில் 27, சேற்றில் 22. மேலே ஏறும்போது 30-ல் சிரமமில்லாமல் திரும்பிய அதே வளைவு, மழை பெய்த பிறகு இறங்கும்போது அதே 30-ல் வண்டியை வெளியே தள்ளிவிடும். ஓட்டுநர் எந்தத் தவறும் செய்ததாக அவருக்கே தோன்றாது. இந்தக் கணக்கு முழுவதும் உள்ளங்கை அகலமே உள்ள நான்கு ரப்பர் திட்டுகளை நம்பி நிற்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

டயர் பார்க்கும் நம் ஊர்ப் பழக்கத்தில் குறை இருப்பதாக நான் நினைப்பது இந்த இடத்தில்தான். "பட்டன் நிறைய இருக்கு சார், இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்பது எந்தப் பஞ்சர் கடையிலும் கேட்கும் தீர்ப்பு. பட்டனின் முக்கியமான வேலை தண்ணீரை வெளியேற்றுவது. தண்ணீர் வெளியேறாமல் டயர் அதன் மேல் மிதக்கத் தொடங்க வேண்டுமென்றால், 32 பவுண்டு காற்றுள்ள கார் டயருக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்பது, அமெரிக்காவின் நாசா விமான டயர்களை வைத்துக் கண்டறிந்த சூத்திரத்திலிருந்து கிடைக்கும் கணக்கு. நான்குவழிச் சாலையில் அது உயிர்ப் பிரச்சினை. மலைப்பாதையில் யாரும் அந்த வேகத்தில் போவதில்லை. அங்கே மெல்லிய ஈரப் பூச்சைக் கிழித்துக்கொண்டு ரப்பர் சாலையின் சொரசொரப்புக்குள் இறங்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது ரப்பரின் இளக்கம். இளக்கம் என்பது ஓடிய கிலோமீட்டரைவிட வயதுக்கே கூடுதலாகக் கட்டுப்பட்டது. வெயிலும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பாக்குகின்றன. கலவையிலுள்ள எண்ணெய்ப் பசை மெல்லப் போய்விடுகிறது. வாரக் கடைசியில் மட்டும் வெளியே எடுக்கும் நகரத்துக் காரின் எட்டு வயது டயரில் பட்டன் முக்கால்வாசி அப்படியே இருக்கும். அதன் இடுக்கில் நகத்தை வைத்து அழுத்தினால் பதியாது, பட்டனின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியும். குளிரில் விறைத்த ரப்பர் வெயில் வந்தால் இளகிவிடும். வயதில் விறைத்தது திரும்ப இளகாது. பனிநாட்டுக்காரர் எந்த விறைப்புக்குப் பயந்து வேறு டயர் வாங்குகிறாரோ, அதே விறைப்போடுதான் பல கார்கள் டிசம்பரில் கொடைக்கானல் ஏறுகின்றன.

அதற்காகப் பட்டன் வேண்டாம் என்று ஆகிவிடாது. சேறு, சரளை, ஈர இலை இவற்றில் பிடித்து ஏறப் பட்டனின் விளிம்புதான் உதவும். மொட்டை டயர் சேற்றில் சுற்றுமே தவிர நகராது. மலைக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

இதற்கு வரும் முதல் எதிர்வாதம், மலையிலேயே பிறந்து வளர்ந்த ஓட்டுநர்களை முன்வைத்து வரும். அவர்கள் தேய்ந்த டயரில்தானே ஆண்டுக்கணக்காக மூட்டை ஏற்றி இறக்குகிறார்கள், கைப்பழக்கம் இருந்தால் போதாதா? அவர்களுடைய திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஏறிய கியரிலேயே இறங்குவது, வளைவுக்கு முன்பே வேகத்தை அடக்கிவிடுவது, எந்த வளைவில் ஊற்று கசியும் என்று தெரிந்துவைத்திருப்பது எல்லாமே பாதுகாப்புதான். ஆனால் அந்தத் திறமை முழுவதும் டயரிடம் குறைவாகக் கேட்கும் திறமை. குறுக்கே ஒரு மாடோ, மூட்டத்திலிருந்து திடீரென்று முளைக்கும் ஒரு பேருந்தோ வரும்போது டயரிடம் முழுப் பிடிப்பையும் கேட்டே ஆக வேண்டும். அப்போது இல்லாத பிடிப்பைக் கைப்பழக்கம் உண்டாக்கித் தராது. மேலும், அந்தச் சாலையில் ஓடுகிறவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள் இல்லை. விடுமுறை நாட்களில் பெரும்பாலோர் முதல் முறையாக ஏறுகிறவர்கள். நாலு சக்கர இழுவை உள்ள வண்டி, ஏ.பி.எஸ். பிரேக் என்று நம்பி வருகிறவர்களும் உண்டு. நாலு சக்கர இழுவை ஏறுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு வண்டியைத் திருப்ப வழிவிடும், ஆனால் டயருக்கு இல்லாத பிடிப்பை அதுவும் தராது. காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று மலை ஏறுமுன் நாலைந்து பவுண்டு இறக்கிவிடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேலே குளிர்வதால் டயரின் அழுத்தம் இரண்டு பவுண்டு போலக் குறையும். வெளிக்காற்றின் அழுத்தம் உயரத்தில் குறைவதால் அளவுமானி கிட்டத்தட்ட அதே அளவு கூட்டிக் காட்டும். இரண்டும் ஏறக்குறையச் சமன் ஆகிவிடும். காற்றை இறக்க வேண்டிய தேவையே இல்லை. இறக்கினால் வளைவில் டயரின் பக்கச்சுவர் மடங்கி வண்டி தள்ளாடும்.

இரண்டாவது எதிர்வாதம் காசு. அதுதான் கனமானது. பூண்டு விலை சரிந்த ஆண்டில் ஒட்டன்சத்திரம் சந்தைக்கோ வடுகபட்டிக்கோ சரக்கு இறக்கும் விவசாயியிடம், பாதி பட்டன் இருக்கும்போதே டயரை மாற்று என்று சொல்வது எளிது. அவர் கையில் பணம் இருக்க வேண்டுமே. ஆனால் மலைக்குத் தகுதி இழந்த டயர் உடனே குப்பை ஆகிவிடாது. மூன்று மில்லிமீட்டர் பட்டனும் இளக்கமும் மிச்சமுள்ள டயர் சமவெளியில் மெதுவாக ஓடும் வண்டிக்கு இன்னும் சட்டப்படி செல்லும். கீழே ஓடும் வண்டிக்காரரிடம் அதை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும் என்றும் இல்லை. இரண்டு மட்டுமே வாங்க முடிகிற கார்க்காரர், முன் சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும், புதியதைப் பின்னால் மாட்ட வேண்டும். முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்தால் மீட்டுவிடலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், அதிலிருந்து மீள்வது தேர்ந்தவர்களுக்கே கடினம். பேருந்து, லாரிகளில் முன்னால் புது டயரும் பின்னால் ரீட்ரெட் டயரும் போடும் வழக்கத்தைப் பார்த்துக் காருக்கும் அப்படியே செய்கிறார்கள். பேருந்துக்குப் பின்னால் நான்கு டயர். ஒன்று போனாலும் மற்றவை தாங்கும், முன்னால் ஒன்று வெடித்தால் ஸ்டீயரிங் போய்விடும். அந்தக் காரணம் காருக்குப் பொருந்தாது.

மூன்றாவதாக, சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டன் வேண்டும் என்கின்றன. பட்டன் இடுக்கில் டி.டபிள்யூ.ஐ. என்று குறித்த சிறு மேடு இருக்கிறதே, பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் 1.6-ஐத் தொட்டுவிட்டது என்று பொருள். புது டயரில் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். சென்னைச் சாலைக்கும் கொடைக்கானல் கொண்டை ஊசிக்கும் ஒரே அளவு. வயதைப் பற்றி அந்த அளவுகோல் பேசுவதே இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இங்கே நல்ல உதாரணம். அங்கே அக்டோபர் முதல் வசந்தம் வரை மலைவழி நெடுஞ்சாலைகளில் போகும் கார்களுக்குக் குறைந்தது 3.5 மில்லிமீட்டர் பட்டன் வேண்டும் என்று தனி விதி, சாலை தொடங்கும் இடத்தில் பலகையும் வைத்திருக்கிறார்கள். பனி விழும் ஊர் என்பதற்காக மட்டும் அந்த விதியை நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மலைச்சாலை வேறு சாலை, அதற்கு அளவும் வேறு என்ற எண்ணம் எந்த மலைக்கும் பொருந்தும். நம்மிடம் அதற்கான இடமும் தயாராக இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் பார்க்கிறார்கள். பாஸைப் பார்க்க நிறுத்தும் வண்டியின் டயரையும் குனிந்து பார்க்க அரை நிமிடம் போதும். முதல் பருவத்தில் அபராதம்கூட வேண்டாம், சொல்லி எச்சரித்தால் போதும். பழனி மலைக்கும் நீலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் சேர்த்து, மழைக்காலத்தில் 3 மில்லிமீட்டர் என்று தமிழ்நாடு அரசு ஓர் அறிவுரையையாவது வெளியிட வேண்டும்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். கொடைக்கானல், வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் என்று இந்தக் குளிர்காலத்தில் வண்டி எடுக்க இருப்பவர்கள், கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஐந்து டயர்களையும் பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். பத்து ஆண்டு தாண்டியதைப் பட்டன் எப்படி இருந்தாலும் மாற்றச் சொல்வது டயர்க் கம்பெனிகளின் வழக்கமான ஆலோசனை. மலைக்கு ஆறு ஆண்டே எல்லை என்று நான் வைப்பேன். இரண்டாவதாக, நகத்தால் அழுத்திப் பார்த்து வெடிப்பைத் தேடுங்கள். மூன்றாவதாக, பட்டன் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் அந்த டயரைக் கீழேயே விட்டுவிடுங்கள். குளிர்கால டயருக்காகச் செலவழிக்க நினைத்த பணத்தில் இரண்டு நல்ல சாதாரண டயர் வாங்கிப் பின்னால் மாட்டிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குப் பிறகு ஏறுங்கள், ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.